கைதூக்கிய 46 பிள்ளைகள்: கம்போடியா ஆங்கில முகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் முதுநகரில் உள்ள ஒரு சபையின் வாலிபர் கூட்டமும் புதுச்சேரியில் உள்ள அதன் நட்புச் சபையும் சேர்ந்து, ஒரு மே மாதம் ஒன்பது பேரைக் கம்போடியாவுக்கு அனுப்பின. புனோம் பென்னுக்குத் தெற்கே தாக்கியோ மாகாணத்தில், வயல் நடுவே ஒரு கிராமம். அங்குள்ள சின்னச் சபை பிள்ளைகளுக்கு நடத்தும் ஆங்கில முகாமில் நாங்கள் பாடம் எடுக்க வேண்டும். போக வர எல்லாம் சேர்த்து 12 நாள். அதில் வகுப்பு எட்டு நாள்.

நான் அந்தக் குழுவின் பொருளாளர். காலை வகுப்பு ஒன்றும் என் பொறுப்பில் இருந்தது. அடுத்து இப்படிப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆட்கள், சபைகள், கிராமம் எதற்கும் பெயர் கொடுக்கவில்லை.

மிஷனரி ஞாயிறு காணிக்கை, வாலிபர்கள் விற்ற அதிரசம், முறுக்கு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகை எல்லாவற்றையும் போட்டுத்தான் செலவு கட்டினோம். ஒரு பூசணிக்காய் மூன்றாயிரத்துக்குப் போனது. பணம் கொடுத்தவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அப்போதே எங்கள் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதை நான் ஊர் திரும்பிய பிறகுதான் கண்டுகொண்டேன்.

புறப்படும் முன்

விசா விஷயத்தில் சரியாக நடந்துகொண்டோம். சுற்றுலா விசாவுக்கு 30 டாலர், சாதாரண விசாவுக்கு 35 டாலர். பாடம் நடத்தப் போகிறவர்கள் சுற்றுலா என்று சொல்லி நுழைய வேண்டாம் என்று அங்குள்ள பாஸ்டர் சொன்னார், கேட்டுக்கொண்டோம். கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்றும் எச்சரித்தார், அதுவும் உதவியது.

பாடத்திட்டத்தில்தான் கோட்டை விட்டோம். எங்களுக்குக் கைவந்தது வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. ஒவ்வொரு கோடையிலும் நடத்துகிறோம்: ஆக்‌ஷன் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, கடைசி நாள் பரிசு. அதையே ஆங்கிலத்தில் மாற்றி நடுவில் இரண்டு பீரியட் இலக்கணம் செருகினோம். பெயர் ஆங்கில முகாம், உள்ளே இருந்தது வி.பி.எஸ். வீடு வீடாகக் கொடுத்த, கம்போடியர்களின் கெமர் மொழித் துண்டுத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. 'வெளிநாட்டு ஆசிரியர்கள், இலவச ஆங்கிலம்' என்று மட்டும் இருந்ததாம். நடத்துவது சபை என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

கம்போடியாவில் பௌத்தம் அரசு மதம். மத சுதந்திரம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. ஆனால் வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதற்கும், பணமோ பொருளோ கொடுத்து ஆள் சேர்ப்பதற்கும் 2007ல் வந்த அரசு ஆணை தடை போடுகிறது. இதை நாங்கள் விமானத்தில் ஏறும் முன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரிந்தது நான்காம் நாள் இரவு.

களத்தில் முதல் இரண்டு நாள்

எங்களை ஏமாற்றியது அந்த ஊரின் சாயல்தான் என்று இப்போது நினைக்கிறேன். வரப்பெல்லாம் பனைமரம். நமக்கு மாநில மரம், அவர்களுக்குத் தேசிய மரம். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, தேதி போட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு அதே மாகாணத்தில் அங்கோர் போரேயில் கிடைத்தது, ஆண்டு 611. யாரைப் பார்த்தாலும் "சோறு சாப்பிட்டாயிற்றா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். வயதில் மூத்தவர் 'பாங்', இளையவர் 'ஓன்'. நம்மைப் போலவே யாரையும் வெறும் பெயரால் அழைப்பதில்லை. ஆசிரியைக்கு 'நெக் க்ரூ'. அந்த 'க்ரூ' நம் குருதான். மீனை ஊறவைத்துச் செய்யும் பிரஹோக்கைத் தேவனாம்பட்டினத்துப் பையன் முதல் நாளே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். "கருவாட்டுக்கு அத்தை மகன்க்கா இது" என்றான். இரண்டே நாளில் ஊர் பிடிபட்டுவிட்டதாக நம்பினோம்.

அரசுப் பள்ளிகள் அங்கே அரை நாள்தான். சில பிள்ளைகளுக்குக் காலை, சிலருக்கு மதியம். அதனால் முகாமும் இரண்டு பிரிவாக நடந்தது. முதல் நாள் 64 பேர், இரண்டாம் நாள் 71.

ஆங்கில வகுப்பில் ஒன்று கவனித்தோம். கெமர் பேசும் பிள்ளைகள் சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். 'ரைஸ்' என்றால் 'ரை', 'ஃபைவ்' என்றால் 'ஃபாய்'. அவர்கள் மொழியில் கடைசியில் வரும் 'ஸ்' மெல்லிய 'ஹ்' ஆகத்தான் ஒலிக்கும். நாமோ நேர்மாறு. கடைசி மெய்யைத் தனியாக நிற்க விடமாட்டோம், ஓர் உகரம் ஒட்டுவோம்: 'புக்கு', 'பஸ்ஸு'. இரண்டாம் நாள் என் வகுப்பில் 38 பிள்ளைகள் ஒரே குரலில் "புக்கு" என்றார்கள். உதவிக்கு இருந்த உள்ளூர்க் கல்லூரி மாணவர் மரியாதையாகக் கேட்டார்: "நெக் க்ரூ, இங்கிலீஷில் அப்படித்தானா?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கூட்டமாகச் சொல்லவைப்பதை அன்றே நிறுத்தினேன். கடைசி ஒலி வரும்போது மட்டும் தொடையில் ஒரு தட்டு. 'ரை', தட்டு, 'ஸ்'. பிள்ளைகளோடு நானும் திருத்திக்கொண்டேன். அந்த முகாமில் உருப்படியாக நடந்தவற்றில் இது ஒன்று.

எண்களிலும் அப்படித்தான். கெமரில் ஆறு என்பதற்கு 'ஐந்து-ஒன்று', ஏழுக்கு 'ஐந்து-இரண்டு'. இதைத் தெரிந்துகொண்டபின் கையை விரித்து எண்ணவைத்தோம், வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாமல் இருந்த முதல் நாளில், ஆறில் எல்லாரும் தயங்குகிறார்களே, மந்தமான பிள்ளைகளோ என்று குழுவில் ஒருவர் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை

புதன்கிழமை மாலை இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்தோம். பாட்டு, பொம்மலாட்டம், மனப்பாட வசனம். வசனம் சொன்னவர்களுக்கு ஒரு பை: நோட்டு, கலர் பென்சில், பல் துலக்கும் பிரஷ். முடிவில் எங்கள் குழுத்தலைவர், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று ஒரு அழைப்புக் கொடுத்தார். எங்கள் ஊரில் எந்த முகாமிலும் நடப்பதுதான். உள்ளூர் மாணவர் மொழிபெயர்த்தார். 46 பிள்ளைகள் கை தூக்கினார்கள்.

அன்றிரவே சபை வாட்ஸப் குழுவுக்குச் செய்தி போனது: "இன்று 46 பிள்ளைகள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்." கூடவே நான்கு புகைப்படம். கடலூரில் மணி பத்து இருக்கும், பத்து நிமிடத்தில் அறுபது 'அல்லேலூயா'. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அறிவிக்கப்போவதாக எங்கள் சபையின் ஐயர் (போதகர்) பதில் போட்டார். செய்தியைத் தட்டச்சு செய்தது நான். எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், எதை எண்ணுகிறோம் என்பதைச் சரிபார்க்கவில்லை.

நான்காம் நாள்

காலைப் பிரிவில் 38 பேருக்குப் பதில் 20 பேர்தான் வந்தார்கள். மதியம் 19. ஊரில் கல்யாணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தோம்.

பத்தரை மணிக்கு ஒரு பாட்டி வந்தார். தலையில் கட்டம் போட்ட குரோமா துண்டு, கையில் நாங்கள் கொடுத்த பை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். மாணவர் மொழிபெயர்க்கத் தயங்கினார். இரண்டு முறை கேட்டபின் சொன்னார்: "நாளைக்கு என் பேத்தி என்னோடு விகாரைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டீர்களா?"

அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறுமி வீட்டில் போய், கை தூக்கினேன், பை கொடுத்தார்கள், இனி நான் இயேசுவின் பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் விசாகப் பௌர்ணமி. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் மறைந்ததும் அந்த நாளில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை, ஊரே விகாரைக்குப் போகும். எங்கள் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமைக்கு நேரே 'பாடம் 5, மீன் பிடிக்கும் விளையாட்டு' என்று இருந்தது. நம் பஞ்சாங்கத்திலும் இருக்கிற பௌர்ணமிதான். ஒன்பது பேரில் ஒருவர் காலண்டர் பார்த்திருந்தால் போதும்.

மதியம் 'மேபூம்' எனப்படும் ஊர்த்தலைவர் பாஸ்டரை வரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பாஸ்டர் திரும்பினார். அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்கள் புதன்கிழமை போய்விடுவீர்கள். நான் இங்கேதான் கடைக்குப் போக வேண்டும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு வராந்தாவில் மொழிபெயர்த்த மாணவரும் வாய் திறந்தார். எங்கள் குழுத்தலைவர் தமிழ்க்கலப்பு ஆங்கிலத்தில் வேகமாகப் பேசியதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. "யாருக்கு இயேசுவைப் பிடிக்கும்?" என்று கெமரில் கேட்டிருக்கிறார். விருந்தாளிகள் எதிரே நிற்கிறார்கள், பிள்ளைகள் கை தூக்காமல் என்ன செய்வார்கள்? "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றதற்கு, "நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், பாங்" என்றார்.

முடிவுகளும் காரணங்களும்

கூட்டம் இரவு பன்னிரண்டரை வரை நீண்டது. தலைவர் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், இருபது வருடமாக ஊழியத்தில் இருப்பவர். "விதை விழுந்தாச்சு. அதை நாமே ஏன் தோண்டி எடுக்கணும்?" என்றார். அவர் பொய் சொல்ல விரும்பியவர் அல்ல. அந்த எண்ணிக்கையை மனப்பூர்வமாக நம்பினார்.

பதில் சொன்னவன் தேவனாம்பட்டினத்துப் பையன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று அவனுக்கு ஆறு வயது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், அதில் அவன் தங்கையும் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது எங்கிருந்தோ ஒரு குழு வந்தது. தொப்பி கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், அவனையும் அம்மாவையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அம்மாவைச் சிரிக்கச் சொன்னார்கள். நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவே இல்லை. "அவங்க கெட்டவங்க இல்லண்ணே. ஆனா அந்தப் போட்டோ இப்ப எந்த ஊர்ல, யார் வீட்டு ஆல்பத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது. நாம அனுப்பின நாலு போட்டோல அந்தப் பாட்டியோட பேத்தி இருக்கா." தலைவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார்.

முதல் முடிவு, வெள்ளிக்கிழமை முகாம் இல்லை. மறுபேச்சு எழவில்லை.

இரண்டாவது, ஆங்கிலத்தையும் வேதபாடத்தையும் பிரிப்பது. பகலில் ஆங்கிலம் மட்டும். வேதபாடம் மாலையில், சபைக் கட்டடத்துக்குள், பெற்றோர் கெமரில் எழுதிய சீட்டோடு வரும் பிள்ளைகளுக்கு மட்டும். வாக்குவாதம் இதில்தான் முற்றியது. ஆங்கிலம் மட்டும் கற்றுக்கொடுப்பதற்குச் சபைக் காணிக்கையில் ஏன் வர வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலம் என்று சொல்லி அழைத்தோம், அதையாவது சொன்னபடி கொடுப்போம் என்பதுதான் எங்களிடம் இருந்த பதில். தரங்கம்பாடியில் 1706ல் இறங்கிய சீகன்பால்க், பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து 'அ' எழுதக் கற்றுக்கொண்டுதான் தொடங்கினார் என்று ஒவ்வொரு ஜூலையிலும் பெருமையாகப் பேசுகிற சபை எங்களுடையது. அந்த இரவில் எங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்துத் தெரிந்த கெமர்ச் சொற்கள் இருபது இருக்கலாம்.

மூன்றாவது, மீதியிருந்த பரிசுப் பைகளை வசனத்துக்குக் கொடுக்காமல் பள்ளித் தலைமையாசிரியரிடம் மொத்தமாக ஒப்படைப்பது. 2007 ஆணையின் சாரத்தைப் பாஸ்டர் அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். வசனம் சொன்னால் பை என்பது நம் ஊரில் உற்சாகப்படுத்துவது. அங்கே அதைப் பொருள் கொடுத்து இழுப்பதாகப் பார்ப்பார்கள். அவர்கள் பார்வை தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான்காவது, வாட்ஸப் செய்தியைத் திருத்துவது. எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பியது இது: "புதன்கிழமை அனுப்பிய எண்ணிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். பிள்ளைகள் கை தூக்கியது உண்மை. எதற்கென்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பெற்றோரிடம் நாங்கள் கேட்கவில்லை. வெள்ளி ஜெபத்தில் அறிவிக்க வேண்டாம். படங்களை அழித்துவிடுங்கள்."

வெள்ளிக்கிழமை காலை பாஸ்டரும் தலைவரும் பாட்டி வீட்டுக்குப் போனார்கள். வழி தெரியாமல் நடந்துகொண்டோம், மன்னிக்க வேண்டும் என்று தலைவரே சொன்னார். பாட்டி உள்ளே அழைக்கவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

அதன் பின் நடந்தவை

சனிக்கிழமை 44 பேர் வந்தார்கள். திங்கள் 52, கடைசி நாள் 57. 71 என்ற எண் திரும்பவில்லை. அந்தப் பேத்தியும் வரவில்லை. மாலை வகுப்புக்கு 71 வீடுகளுக்கும் சீட்டு அனுப்பினோம். சம்மதம் என்று திரும்பியவை 13. வந்த பிள்ளைகள் 11 பேர், அதில் 9 பேர் ஏற்கெனவே அந்தச் சபைக் குடும்பத்தினர்.

பகல் வகுப்பு நன்றாக மாறியது. இரண்டு பீரியடாக இருந்த ஆங்கிலம் ஐந்து பீரியடானது, நாங்கள் தயாரித்து வந்தது தீர்ந்துபோனது. சந்தை, பேருந்து, மருந்துக்கடை என்று நாடகமாக நடத்தினோம். சனிக்கிழமை மட்டும் ஒரு தடுக்கல். 'என் குடும்பம்' பாடத்தில் தாத்தா பாட்டியை வரையச் சொன்னோம். நிறையப் பிள்ளைகள் தாத்தா இடத்தைக் காலியாக விட்டார்கள். உதவி மாணவர் தன் தாளைக் கவிழ்த்துவைத்தார். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டது எங்களுக்குத் தெரியும், பாடத்தைத் தயாரிக்கும்போது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, வீட்டு விலங்குகளுக்குத் தாவினோம்.

ஊர்த்தலைவர் கடைசி நாள் வந்து பின்வரிசையில் கால்மணி நேரம் நின்று பார்த்தார், பேசாமல் போனார். எங்களை அழைத்த சபைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கான எந்த நிகழ்ச்சிக்கும் இனி முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். இது எங்களால் வந்த சுமை.

கடலூரில் ஐயர் எங்கள் திருத்தத்தை ஞாயிறு ஆராதனையில் அப்படியே வாசித்தார். அதற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று வாசலில் நடந்த பேச்சைக் கேட்டால் தெரியும். ஊழியத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள் என்றார்கள் சிலர். மறு ஆண்டுக்கு 25,000 ரூபாய் தருவதாகச் சொன்ன குடும்பம் பின்வாங்கியது. இன்னொரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, 2005ல் தன் வீட்டுக்கு வந்த நிவாரணக் குழுவிடம் தான் எத்தனை முறை கை தூக்கினார் என்று சொல்லிச் சிரித்தார்.

மாற்றப்போவது

மறுபடி பெரிய குழு போவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். பாஸ்டர் கேட்டது வேறு: ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் இளைஞர் நான்கு பேருக்குப் பயிற்சி. அதற்கு மூன்று பேர் மூன்று வாரம் போனால் போதும், செலவும் குறைவு. போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் மூன்று நாள் வீடியோ அழைப்பில் கெமர் படிக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பது அந்தக் கல்லூரி மாணவர்தான், அவருக்குச் சம்பளம் உண்டு. இந்த முறை அவர் 'நெக் க்ரூ, அப்படி இல்லை' என்று தயங்காமல் திருத்துகிறார். அது எனக்கு நிம்மதி.

துண்டுத்தாளில் நடத்துவது சபை என்று முதல் வரியிலேயே இருக்கும். எங்களுக்கு அதன் தமிழாக்கம் வரும் வரை அச்சுக்குப் போகாது. மேடையில் பேசப்போவதை ஒரு வாரம் முன்னதாகவே எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். பௌர்ணமி, அறுவடை, பள்ளித் தேர்வு மூன்றையும் அந்த ஊர் ஆளிடம் கேட்டபின்தான் தேதி குறிப்போம். சபைக்கு அனுப்பும் அறிக்கையில் 'இத்தனை பேர்' என்ற வரியே வேண்டாம் என்றேன். குழுத்தலைவருக்கு அதில் இன்னும் உடன்பாடு இல்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேரில் அவரும் ஒருவர். கெமர் வகுப்பைத் தவறவிடாதவரும் அவர்தான்.

படங்கள் விஷயம் இன்னும் முடியவில்லை. ஒன்பது பேர் கைப்பேசியிலும் சேர்த்து அந்தப் பிள்ளைகளின் படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. பெற்றோர் சம்மதம் இல்லாதவற்றை அழித்துவிட்டுத் தெரிவிக்கும்படி எல்லாரையும் கேட்டேன். ஆறு பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். சபை வாட்ஸப் குழுவில் போன நான்கு படங்களையும் குழுவிலிருந்து எடுத்தாயிற்று. அதற்குள் அவை எத்தனை பேருக்கு எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கும் என்று தெரியவில்லை. மற்ற மூன்று பேரிடம் போன வாரமும் கேட்டேன்.